திங்கள், புதன், வெள்ளி

நேற்று எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே எழும்பவில்லை. ஆபீஸில் பாதிப் பேர் அதை உள்ளுக்குள் கொண்டாடியிருப்பார்கள். பள்ளிக்கூடத்து ஆபீஸில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் குறைவு என்று உனக்கே தெரியும். சாயங்காலம் டாக்டரிடம் காட்டிவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்து, “மூணு நாளைக்குத்தாம்மா. அதுக்கு மேல போடக்கூடாது” என்றார். திருப்பிப் பேரைப் படித்தேன். அசித்ரோமைசின். கை அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாம்மா, ஒத்துக்காதா?” என்று கேட்டார்.

ஒத்துக்கும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாளுக்கு மேல் போடக்கூடாத இந்த மாத்திரையை நீ மாதக்கணக்காகப் போட்டாய். கிருமிக்கு என்று ஊரே நினைக்கிற மருந்தை நீ கிருமிக்காகப் போடவில்லை. இதையெல்லாம் நடுக்கடையில் நின்று, அதுவும் குரல் இல்லாமல், யாருக்கு விளக்குவது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நான் எதையாவது நீளமாகப் படித்துக் காட்டினால், “சின்னதா சொல்லுடி ஆபீசரம்மா, கேக்கறதுக்கே தம்மு வாங்குது” என்பாய். இந்த முறை சின்னதாகச் சொல்ல வரவில்லை. பொறுத்துக்கொள்.

உன்னைத் தெரிந்த நாளிலிருந்தே உன் இருமலையும் எனக்குத் தெரியும். நாம் படித்த பள்ளிக்கூடத்தில் உன் இருமல் கேட்டால் பக்கத்து வகுப்பு டீச்சர்கூட நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வார். கைக்குழந்தையில் கக்குவான் வந்து பிழைத்தவள் நீ. கக்குவான் போனது, போகும்போது நெஞ்சைக் கெடுத்துவிட்டுப் போனது. காலையில் எழுந்ததும் குனிந்து உட்கார்ந்து இருமி இருமிச் சளியைத் துப்பி முடித்தால்தான் உனக்கு அன்றைய பொழுது ஆரம்பமாகும். அதற்கப்புறம் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு, திருவொற்றியூர் தேரடியில் கூடையை இறக்கி, மதியம் வரைக்கும் கூவி விற்பாய். வீட்டுக்காரர் போன பிறகு உன்னையும் உன் மகள் அமுதாவையும் காப்பாற்றியது அந்த இடமும் அந்தக் கூடையும்தான். மழைக்காலம் வந்தால் சளி பச்சையாகும், ஜுரம் வரும், ஏதோ ஒரு கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போடுவாய், பத்து நாள் தேறுவாய், மறுபடியும் படுப்பாய்.

ஒரு பங்குனியில் சளியில் ரத்தம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ராயபுரத்து நெஞ்சு டாக்டரம்மாவிடம் போனேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். டாக்டரம்மா முதலில் டிபி இருக்கிறதா என்று பார்த்தார். சளியை மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் இல்லை என்று வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘பிராங்கியெக்டாசிஸ்’ என்றார்.

நீ இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “பேர சொல்லி முடிக்கறதுக்குள்ளயே மூச்சு வாங்குதும்மா” என்றாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் இருந்துதான் அவர் உன்னிடம் நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

“உங்க மூச்சுக்குழாய் சில இடத்துல விரிஞ்சு தொளதொளன்னு ஆயிடுச்சு. சளி அங்கே தேங்குது. கிருமி வந்து உக்காருது. கிருமியை அடிக்க உங்க உடம்பே ஆள் அனுப்புது. கிருமி போனப்புறமும் அந்த ஆளுங்க திரும்பிப் போறதில்லை. அங்கேயே நின்னு குழாயையே அடிச்சுப் புண்ணாக்கிட்டிருக்காங்க.”

“கலாட்டா முடிஞ்சப்புறமும் போலீஸு லத்தியால அட்சிகினே கீற மாறி” என்றாய்.

“அதேதான். இப்ப நான் எழுதற மாத்திரை கிருமியைக் கொல்ற மருந்துதான். ஆனா உங்களுக்குக் கிருமியைக் கொல்லக் கொடுக்கலை. கொஞ்சமா, வாரத்துல மூணு நாள், மாசக்கணக்குல கொடுத்தா அந்த லத்தியைக் கீழே போட வைக்குது. வீக்கத்தைக் குறைக்குது. நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேர் இப்படிக் கொடுக்கிறதில்லை. சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கிறதில்லை.”

நான் குறுக்கே புகுந்தேன். கிருமி மருந்தைக் கோர்ஸ் முடிந்ததும் நிறுத்த வேண்டும் என்றுதானே எல்லா டாக்டரும் சொல்கிறீர்கள், இது என்ன புதுக் கதை என்று கேட்டேன். கிருமி இல்லாத நெஞ்சுக்குக் கிருமி மருந்தா? டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இதயத்துக்கு ஒரு சோதனை எடுக்கச் சொன்னார். காது மந்தமானால் உடனே வரச் சொன்னார். “நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதை முதல்ல சொல்லணும்” என்றார். கடைசியாக, பேனாவை மூடப் போகிறவர் மறுபடி திறந்து நாட்களை எழுதினார். திங்கள், புதன், வெள்ளி. உனக்குப் புரிகிற மாதிரி தமிழிலேயே எழுதினார்.

அது உனக்குக் கேட்டது. சித்திரையில் ஆரம்பித்தாய். ஆடியில் ஒரு நாள் திருவொற்றியூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நான் உன் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன். எப்போதும் நீ பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேயர் மாதிரி ஊரைப் பார்வையிடுவதாகப் பாவனை செய்வாய். மூச்சு வாங்குவதை மறைக்க நீ கண்டுபிடித்த தந்திரம் அது. அன்றைக்கு நீ நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பி, “இன்னாடி, குண்டா பூட்டியா? சீக்கிரம் வா” என்றாய். நான் படியிலேயே நின்றுவிட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சின்ன மாத்திரை ஒரு மனுஷியை இப்படி மாற்றுமா என்று என்னால் நம்பவே முடியவில்லை. காலையில் துப்பும் சளி கால்வாசியாகக் குறைந்திருந்தது. மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். பதினைந்து வயதுக்கு அப்புறம் நீ மல்லாந்து படுத்ததே இல்லையாம்.

புரட்டாசியில் வியாபாரம் படுத்தது. அது வழக்கம்தானே, பாதி ஊர் கவுச்சி சாப்பிடாது. நீயும் கவலைப்படவில்லை. ஐப்பசி பிறந்தது. தேரடியில் கூட்டம் திரும்பி வந்தது. வரிசையில் எல்லோருடைய கூடையும் காலியானது. உன் கூடையில் சங்கராவும் நெத்திலியும் ஐஸ் உருகி அப்படியே கிடந்தன. நீ குரலை இன்னும் ஏற்றிக் கூவினாய். இப்போதுதான் கூவ மூச்சு இருந்ததே. ஜனங்கள் உன்னைத் தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கி நடந்ததை அன்றைக்கு நானே பார்த்தேன். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்துவிட்டு உனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார். நீ அதைக் குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டாய்.

உனக்குப் பக்கத்து இடத்துக்காரி தேசம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். பத்து வருஷம் உன்னோடு ஒரே வெற்றிலைப் பெட்டியில் பங்கு போட்டவள். அவளிடம் நேராகவே கேட்டேன், இவளிடம் ஏன் யாரும் மீன் வாங்குவதில்லை என்று.

“நான் ஒண்ணியும் சொல்லலம்மா. ஜனமே பேசிகினு கீது” என்றாள். “எங்கூட்டுக்காரரு துன்னாரே, அதே மாத்திரைதான. திங்கக்கெயம, புதங்கெயம, வெள்ளிக்கெயம. பத்து மணிக்கு இட்லி துன்னுட்டு வாயில போட்டுக்கறா. எங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டியது போல இருந்தது. கடலோரக் குப்பங்களில் சர்க்கார் டிபி மாத்திரை கொடுப்பது அந்த மூன்று நாளில்தான். நர்சம்மா முன்னாலேயே முழுங்க வேண்டும். ஆறு மாசம். ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது அந்தக் கோர்ஸ் முடித்தவர் இருந்தார். அந்தக் கிழமைகளில் மாத்திரை போடுகிறவருக்கு வேறு எந்த நோயும் இருக்க முடியாது என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஜனம் அப்படிப் பார்க்கும் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. நீயோ மறைக்க ஒன்றும் இல்லாததால் நடுத்தெருவில் உட்கார்ந்து முழுங்கினாய்.

நான் சும்மா விடுவேனா? வரிசையில் நின்று கத்தினேன். இவளுக்கு டிபி இல்லை, மூன்று தரம் சோதித்தாகிவிட்டது என்றேன். “அப்போ எதுக்கு கிருமி மாத்திரை?” என்று ஒருத்தி கேட்டாள். கலாட்டாவையும் போலீஸையும் லத்தியையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னபோது எவ்வளவு தெளிவாக இருந்தது. என் வாயில் வரும்போது எனக்கே பொய் மாதிரி கேட்டது. “கிருமி இல்லாத நெஞ்சுக்கு கிருமி மாத்திரையா? படிச்சவங்க சொன்னா சரிதாம்மா” என்று தேசம்மா மரியாதையாகச் சொன்னாள். ஒரு ஈ காக்காகூட நம்பவில்லை.

அதைவிடப் பெரிய அடி எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்தது. அமுதாவைக் கட்டிக்கொடுத்த வீடு. அவள் நிறைமாசமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தானே அனுப்புவார்கள்? “டிபி வூட்டுக்குப் பச்சப்புள்ளய அனுப்ப மாட்டோம்” என்று சம்பந்தியம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அன்றைக்குத்தான் நீ அழுது நான் பார்த்தேன். வியாபாரம் போனபோது அழவில்லை, டீ கப்புக்கு அழவில்லை.

உடனே ராயபுரம் போனோம். நாளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, எந்த மூணு நாள்னாலும் சரிதாங்க. இடைவெளி இருந்தாப் போதும். நான் ஏதோ கைப்பழக்கத்துல எழுதினேன்” என்றார். ஏதோ கைப்பழக்கத்தில். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் தலைக்கு ஏறியது, ஆனால் கோபப்பட அவர் என்ன தப்பு செய்தார்? உன் உடம்பைத் தேற்றியவர் அவர்தான். செவ்வாய், வியாழன், சனி என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். தண்டையார்பேட்டை தாண்டியதும் திரும்பி, “மாத்திர ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆயிப்போச்சில்ல?” என்றாய்.

“ஆமாம். அதுக்கென்ன?”

“கோர்ஸ் முட்ச்சிட்டேன்னு சொல்லிடப் போறேன்.”

“உனக்கு வராத நோய் குணமாயிடுச்சுன்னா?”

“வர்லன்னு சொன்னா நம்பல. வந்து பூட்ச்சுன்னு சொன்னா நம்புவாங்க. நீயே பாரேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கும் வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாய். கோர்ஸ் முடித்தவர்கள் அங்கே அப்படித்தான் செய்வார்கள். வரிசைக்காரிகள் எல்லோரும் வந்தார்கள். தேசம்மா உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்து, “ஒரு நாள்கூட வுடாம துன்னியே, சோக்கா பூட்ச்சு பாரு” என்று கண் கலங்கினாள். உன் வாயிலிருந்து பாக்கை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொள்ளாத குறை. மறுநாள் உன் கூடை மதியத்துக்கு முன்னாலேயே காலி. கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தொண்டை கிழியக் கத்தி நடக்காதது ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கலில் நடந்துவிட்டது.

மாத்திரையை அதற்கப்புறம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டாய். அமுதாவிடமாவது உண்மையைச் சொல் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. “அவ மாமியா கண்ண உருட்டினா இவ எல்லாத்தியும் கக்கிடுவா. இவளும் அப்டியே நம்பிகினு கெடக்கட்டும். புள்ள கொஞ்சம் பெர்சானப்புறம் சொல்லிக்கலாம்” என்றாய். நியாயமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் அமுதாவுக்குப் பையன் பிறந்தான். கோர்ஸ் முடித்த செய்தி நெட்டுக்குப்பத்துக்கும் போயிருந்ததால் சம்பந்தியம்மா இறங்கி வந்தாள். பிள்ளையை அனுப்ப மாட்டோம், வேண்டுமானால் நீ வந்து கூட இருந்து பார்த்துக்கொள் என்றாள். மார்கழி பிறந்ததும் நீ கிளம்பினாய். பஸ் ஸ்டாண்டில், “மாத்திரை எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டேன். “கீதுடி, கீது” என்று இடுப்புச் சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினாய். அந்தப் பையில் வெற்றிலைதான் இருந்தது. இதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அட்டை அட்டையாக எல்லாம் உன் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

உன் கணக்கு எனக்கு இப்போது புரிகிறது. நெட்டுக்குப்பத்தில் ஒரே அறை. ஐந்து பேர். யார் எதை வாயில் போட்டாலும் எல்லோரும் பார்ப்பார்கள். மறுபடி மாத்திரை போடுவதைச் சம்பந்தியம்மா பார்த்தால் நோய் திரும்பிவிட்டது என்பாள். பேரனை உன் மடியிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். நீ மூச்சா பேரனா என்று பார்த்தாய். பேரன் என்று முடிவு செய்தாய். என்னிடம் மட்டும் ஏன் பொய் சொன்னாய் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. என்னிடம் சொன்னால் நான் நெட்டுக்குப்பத்துக்கே வந்து ரகளை பண்ணியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை, இல்லையா?

அந்த வருஷம் போகிக்கு வடக்குப் பக்கம் முழுக்க டயர் எரித்தார்கள். பனியும் புகையும் கலந்து எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. எண்ணூர் பக்கம் ஆலைப் புகையில் சாதாரண நாளிலேயே காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதமாக மாத்திரை இல்லாத நெஞ்சு. அன்றைக்கே உனக்கு மூச்சு முட்டி, ஜுரம் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்குச் சேதி வந்தது காணும் பொங்கல் அன்று, தேசம்மா வழியாக. ஊரே பீச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

வார்டில் உன்னைக் கடைசிக் கட்டிலில் ஓரமாகப் போட்டிருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன். அமுதா குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, துணியால் வாயை மூடிக்கொண்டு உன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், “அத்தே, அம்மாக்கு டிபி திரும்பி வந்துட்ச்சு” என்று அழுதாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். “நான்தான் டாக்டர்ட்ட சொன்னேன் அத்தே. டிபி இருந்திச்சு, ஆறு மாசம் கோர்ஸ் முட்ச்சாங்கன்னு. அப்போ அதுதான் திரும்பிகினு கீதுன்னு ஊசி போட்டுகினு கீறாங்க. சளி டெஸ்ட்டு லீவு முடிஞ்சாத்தானாம்.”

அவள் பொய் சொல்லவில்லை. அம்மா சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், சொல்லியிருக்கிறாள். தேரடியில் மீன் விற்பதற்காக நீ சொன்ன பொய் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, உன் கட்டில் தலைமாட்டில் நோயின் பேராக எழுதப்பட்டிருந்தது.

டியூட்டி டாக்டரைத் தேடிப் பிடித்து உன் கட்டிலுக்கே கூட்டி வந்தேன். சின்ன வயசுக்காரர். இவளுக்கு டிபி எப்போதும் இருந்ததில்லை, பிராங்கியெக்டாசிஸ், வீக்கத்துக்காக அசித்ரோமைசின் போட்டுக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அப்ப ஏன்மா பேஷண்டோட பொண்ணு அப்படிச் சொல்றாங்க?” என்றார். அமுதா எழுந்து நின்றாள். “எங்கம்மாக்கு டிபியே இல்லியா?” என்றாள். அந்த முகத்தை நீ பார்த்தாயா? நான் பார்த்தேன்.

அப்போதுதான் நீ கண்ணைத் திறந்தாய். கையால் மூக்குக் குழாயைத் தள்ளிவிட்டு என் புடவையைப் பிடித்து இழுத்தாய். குனிந்தேன்.

“மெதுவா பேசுடி. பக்கத்து பெட்டு முகத்துவாரக்குப்பம். சம்பந்தி வூட்டுக்கு அடுத்த குப்பம், நம்ம ஜனம்.”

“போகட்டும். தெரியட்டும். உனக்கு டிபி இல்லைன்னு தெரிஞ்சா என்ன?”

“டிபின்னா பூடும்னு தெரியும். இது இன்னான்னு கேட்டா இன்னா சொல்லுவே? பேரே வாயில நொழையல. கொயந்தய தரமாட்டாங்கடி.”

அவ்வளவுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆக்சிஜன் குழாயை டாக்டர் மறுபடி வைத்தார். மருந்தை மாற்றினார்கள். ஊசியை நிறுத்தினார்கள். மறுநாள் மதியம் நீ போய்விட்டாய். முன்னாலேயே தெரிந்திருந்தால் முதல் நாளே வேறு விதமாக ஆரம்பித்திருப்போம், ஆனாலும் பிழைத்திருப்பார்களா என்று சொல்ல முடியாது என்று அந்தச் சின்ன டாக்டர் என்னிடம் சொன்னார். நேர்மையான பதில். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ராயபுரத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். வெளியே நோயாளிகள் காத்திருக்க, அவர் மேஜையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கிழமையை மாத்தினதோட சரியாப் போச்சுன்னு நினைச்சேனே” என்றார். அடுத்த வருஷம் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

குப்பத்தில் உன்னைப் போகிப் புகை கொண்டுபோய்விட்டது என்றுதான் பேச்சு. அது முழுப் பொய்யும் இல்லை. பதினாறு முடிந்ததும் அமுதாவும் நானும் உன் வீட்டைச் சுத்தம் செய்தோம். அரிசி டப்பாவை நகர்த்தியவள் அவள்தான். அட்டைகளை மடியில் போட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். “எங்கிட்டகூட சொல்லல பாரு” என்றாள். உன் மேல் அவளுக்குக் கோபம். எனக்கும்தான். இரண்டு பேரும் உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவினோம்.

இப்போது தேரடியில் உன் இடத்தில் அமுதா உட்காருகிறாள். பையன் பள்ளிக்கூடம் சேரப் போகிறான். அவள் உன்னை மாதிரி கூவுவதில்லை, அதட்டியே விற்றுவிடுகிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். போன வாரமும் போனேன். வரிசைக் கடைசியில் மீன் ஆய்ந்து கொடுக்கிற ஒரு பெண் இருக்கிறாள், இருபத்திரண்டு வயசு இருக்கும். அவளுக்கு மெய்யாகவே டிபி. இரண்டு மாசம் மாத்திரை போட்டதும் இருமல் நின்றுவிட்டதாம், வாந்தி வருகிறதாம், இனிமேல் போட மாட்டேன், நாலு பேர் முன்னால் முழுங்க அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேசம்மா வெற்றிலையை மடித்தபடியே அவளைப் பிடித்துக்கொண்டாள். “அடி போடி. இதோ இவங்கம்மா, இதே எடத்துல குந்திகினு, ஊரே பாக்க மாத்திர துன்னா. ஒருத்தியும் மீன் வாங்கல. வுட்டாளா? ஆறு மாசமும் முட்ச்சா. அப்பால ராணி மாறி வியாபாரம் பண்ணா. நீயும் முடி.”

அந்தப் பெண் நம்பாத பார்வையோடு என் பக்கம் திரும்பினாள். நான்தான் வரிசையிலேயே படித்தவள், நான்தான் உன் சினேகிதி. “மெய்யாலுமா அத்தே? அவங்களுக்கு பூட்ச்சா?”

அமுதா தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீ போனதிலிருந்து இத்தனை வருஷமாக யார் உன்னை டிபிக்காரி என்று சொன்னாலும் நான் விட்டதில்லை. பஸ்ஸில் சண்டை போட்டிருக்கிறேன், சாவு வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன். உண்மைக்காக அவ்வளவு கத்தியவள் நான். அந்தப் பெண்ணின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

“ஆமாம்மா” என்றேன். “நான் கூடவே இருந்தேன். ஒரு நாள்கூட விடாம முழுசா முடிச்சா. முழுசா போயிடுச்சு.”